பாரம் ஏற்றினால் மட்டும் ஓட்டத்தில் அணைந்துபோகும் பழைய 24 வோல்ட் லாரி: டைனமோ மாற்றலாமா?

பீடோர் லாரிக்காரன்:

அண்ணன்மார்களே, இந்த லாரி என் உயிரை வாங்குகிறது. கொஞ்சம் நீளமாகத்தான் எழுதவேண்டி இருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

வண்டி 90களில் இறங்கிய ஜப்பான் மூன்று டன் லாரி. பலகை பாடி, 24 வோல்ட், கேபின் முன்பக்கம் சாய்கிற மாடல். பம்ப் ரோட்டரி வி.இ. வகை, அதில் இருக்கிற சோலனாய்டுக்குக் கரண்டு வந்தால்தான் டீசல் போகும். கம்ப்யூட்டர், சென்சார் எதுவும் கிடையாது. இங்கே மலேசியாவில், பீடோரிலிருந்து தெலுக் இந்தான் பக்கத் தோட்டங்களுக்கு உரம் ஏற்றுகிறேன், உரம் இல்லாத நாளில் சிறுதோட்டக்காரர்களின் செம்பனை (எண்ணெய்ப்பனை) குலையை மில்லுக்கு எடுத்துப் போகிறேன்.

பாரத்தோடு தோட்டத்துச் செம்மண் பாதையில் போகும்போது திடீரென்று இஞ்சின் விட்டுவிடுகிறது. சில சமயம் கண் சிமிட்டும் நேரம்தான், உடனே பிடித்துக்கொள்ளும். சில சமயம் அப்படியே நின்றுவிடும். சாவியை அணைத்து, ஒரு சிகரெட் பிடிக்கிற நேரம் சும்மா இருந்துவிட்டு மறுபடி போட்டால் ஒன்றுமே நடக்காதது மாதிரி ஸ்டார்ட் ஆகும். காலி வண்டியாகத் தார் ரோட்டில் ஓட்டினால் எந்தத் தொல்லையும் இல்லை. மழை நாளில் அதிகம் வருகிறது. பட்டறைக்குக் கொண்டுபோனால் வரவே வராது, ஃபோர்மன் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்.

சோலனாய்டு மாற்றியாகிவிட்டது, சாவி சுவிட்ச் மாற்றியாகிவிட்டது, ரிலே புதுசு, பேட்டரி இரண்டும் புதுசு. மெயின் வயரை மீட்டர் வைத்துப் பார்த்தார்கள், 'பீப்' சத்தம் வருகிறது, வயர் நல்ல வயர்தான் என்றார்கள். இப்போது டைனமோவை மாற்றச் சொல்கிறார்கள். புஸ்பாகோமில் வண்டியைச் சோதனைக்குக் காட்டவேண்டிய தேதி வேறு நெருங்குகிறது. டைனமோவுக்குக் காசு போடலாமா, வேண்டாமா?

கப்பார் டிரைவர்:

எனக்கு இது கரண்டு மாதிரியே தெரியவில்லை. டீசலில் தண்ணீர், அல்லது டாங்க் பைப் எங்கோ காற்று இழுக்கிறது. மேடு பள்ளத்தில் டீசல் ஆடும்போது அடியில் இருக்கிற குப்பை வாயை அடைக்கும், நின்றால் கீழே இறங்கிவிடும், அதனால்தான் கொஞ்ச நேரம் கழித்து ஸ்டார்ட் ஆகிறது. ஃபில்டருக்குக் கீழே இருக்கிற தண்ணீர் கப்பைத் திறந்து பாருங்கள். முதலில் அதைப் பார்க்காமல் டைனமோ பக்கம் போகாதீர்கள்.

சிகாமட் 24வி:

தம்பி, சோலனாய்டுக்குப் பேட்டரியிலிருந்து நேராக ஒரு வயர் இழுத்து, டாஷ்போர்டில் ஒரு சுவிட்ச் போட்டுவிடுங்கள். பத்து நிமிட வேலை. பழைய லாரிக்கு இதுக்கு மேல் ஆராய்ச்சி தேவையில்லை. என் வண்டி அப்படித்தான் வருஷக் கணக்கில் ஓடுகிறது.

கூலிம் வயர்மேன்:

டைனமோவை விடுங்கள். டைனமோ செத்தாலும் பேட்டரி இருக்கிறவரை இந்த வகை இஞ்சின் ஓடும். சார்ஜ் இல்லாமல் பேட்டரி இறங்கி நிற்பதாக இருந்தால் ஒரு சிகரெட் நேரத்தில் தானாக ஏறிக்கொண்டு ஸ்டார்ட் ஆகாது.

முதலில் எனக்கு ஒரு பதில் வேண்டும், அது தெரியாமல் நான் எதையும் கழற்றச் சொல்ல மாட்டேன். வண்டி நிற்கிற அந்த நேரத்தில் மீட்டர் போர்டில் என்ன தெரிகிறது? எல்லாரும் செய்கிற காரியம், வண்டி நின்றதும் கை தானாகச் சாவிக்குப் போகும், திருப்பிவிடுவோம், அதோடு தடயம் எல்லாம் போய்விடும். அடுத்த தடவை நின்றால் ஓரம் கட்டி, ஹேண்ட் பிரேக் போட்டு, சாவியைத் தொடாமல் போர்டைப் பாருங்கள். இஞ்சின் முழுசாக நின்று, சாவி 'ஆன்'-இல் இருக்கிறபோது சார்ஜ் லைட்டும் ஆயில் லைட்டும் எரியத்தான் வேண்டும். அவை எரிந்தால் சாவிக்கும் அதைத் தாண்டியும் கரண்டு வருகிறது, கோளாறு சோலனாய்டு வயரில், இல்லையென்றால் கப்பார்க்காரர் சொல்வது போல டீசலில். அவை எரியாமல் போர்டு மொத்தமும் இருட்டாக இருந்தால் சாவி வரிசைக்கே கரண்டு வரவில்லை என்று அர்த்தம். இந்த ஒரு பார்வையிலேயே பாதி வண்டியை ஒதுக்கிவிடலாம். அதே நேரத்தில் ஹார்ன் அடிக்கிறதா, பெரிய லைட் எரிகிறதா என்றும் பாருங்கள். அவற்றுக்குக் கரண்டு பெரும்பாலும் சாவி வழியாக இல்லாமல் வேறு வழியாக வரும்.

அப்புறம், இறக்கத்தில் வரும்போது இஞ்சின் விட்டால் கிளச்சை மிதிக்காதீர்கள். கியரிலேயே இருக்கட்டும். இந்த மாதிரி சின்ன லாரிகள் பலவற்றில் பிரேக்குக்கு வேக்குவம் இழுக்கிற பம்ப் டைனமோவின் முதுகில்தான் இருக்கிறது. சக்கரம் இஞ்சினைச் சுற்றிக்கொண்டிருக்கிற வரைக்கும் பிரேக் லேசாக இருக்கும், கிளச்சை மிதித்து இஞ்சின் நின்றுவிட்டால் இரண்டு மூன்று மிதியில் பெடல் கல்லாகிவிடும். பாரத்தோடு அது விளையாட்டு இல்லை.

சிகாமட் அண்ணே, நேர் வயர் விஷயத்தில் கோபித்துக்கொள்ளாதீர்கள். சோதனைக்கு, வழியில் மாட்டிக்கொண்டால் வீடு சேர, இதற்கெல்லாம் சரிதான், அதுவும் பேட்டரி பக்கத்திலேயே ஒரு ஃபியூஸ் போட்டு. நிரந்தரமாக விடக்கூடாது. ஃபியூஸ் இல்லாத வயர் கேபின் கீல் ஓரம் உரசி ஒருநாள் சேஸிஸைத் தொட்டால், இரண்டு பேட்டரியின் முழுச் சக்தியும் அந்த வயருக்குள் இறங்கும், லாரியே எரியும். இன்னும் ஒன்று, சாவியை அணைத்தாலும் இஞ்சின் நிற்காது. வேறு டிரைவர் ஏறி, அந்த சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் திணறுவதை நான் பார்த்திருக்கிறேன். சோலனாய்டின் உள்ளே இருக்கிற ஊசியைக் கழற்றி எறிந்துவிடச் சொல்கிறவர்களும் உண்டு, அதைச் செய்யவே வேண்டாம். அப்புறம் கியரில் போட்டு இடித்துத்தான் இஞ்சினை நிறுத்த வேண்டும்.

பீடோர் லாரிக்காரன்:

அண்ணே, நீங்கள் சொன்ன மாதிரி பார்த்தேன். உரம் ஏற்றிக்கொண்டு போகும்போது நல்ல மழை, தோட்டத்து ஆபீஸ் தாண்டி ஏற்றத்தில் நின்றுவிட்டது. சாவியைத் தொடவில்லை. போர்டில் ஒரு லைட்டும் இல்லை. வைப்பர் பாதிக் கண்ணாடியில் நின்றுவிட்டது. டீசல் முள் அடியில் கிடக்கிறது. ஆனால் பெரிய லைட் நல்ல வெளிச்சமாக எரிகிறது, ஹார்னும் முழுசாக அடிக்கிறது. உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன், கொஞ்ச நேரத்தில் தானாகவே போர்டு எரிந்தது, வைப்பர் மீதித் தூரத்தைத் துடைத்தது. நான் ஒன்றுமே செய்யவில்லை.

தண்ணீர் கப்பையும் திறந்தேன் கப்பார் அண்ணே, சுத்தமாக இருக்கிறது.

கூலிம் வயர்மேன்:

நல்ல வேலை செய்தீர்கள் தம்பி. இனிமேல் டீசல், டைனமோ, சோலனாய்டு மூன்றையும் மறந்துவிடலாம். பெரிய லைட் வெளிச்சமாக இருக்கிறது என்றால் பேட்டரி, மெயின் கேபிள், பேட்டரி எர்த் எல்லாம் அந்த நேரத்தில் நன்றாகவே இருக்கின்றன. சாவி வழியாகப் போகிறதெல்லாம் ஒட்டுமொத்தமாகச் சாகிறது. அப்படியென்றால் கோளாறு ஒரே பாதையில்தான்: பேட்டரிப் பக்கம் இருக்கிற பியூசிபிள் லிங்கிலிருந்து (ஷார்ட் ஆனால் முதலில் உருகி மற்ற வயரைக் காக்கிற துண்டு வயர்) சாவிக்கு வருகிற தடித்த வயர், சாவி, சாவியிலிருந்து ஃபியூஸ் பெட்டிக்குப் போகிற வயர். இந்த லாரிகளில் லிங்க் ஒன்று மட்டும் இருக்காது, பெரிய லைட்டுக்குத் தனி, சாவிக்குத் தனி என்று இருக்கும். அதனால்தான் ஒன்று செத்தும் மற்றது உயிரோடு இருக்கிறது.

மழையில் அதிகம் வருகிறது என்றீர்களே, எல்லாரும் உடனே 'தண்ணீர் புகுந்து ஷார்ட்' என்பார்கள். நான் வேறு மாதிரி நினைக்கிறேன். மழை வந்தால் என்ன செய்கிறீர்கள்? வைப்பர் போடுகிறீர்கள், கண்ணாடியில் ஆவி படிகிறது என்று புளோவர் (கேபின் காற்று விசிறி) போடுகிறீர்கள். இரண்டும் சாவி வரிசையில் கரண்டு இழுக்கிறவை. எங்கோ ஒரு டெர்மினல் கெட்டுப்போய்ப் பாதி பிடியில் நிற்கிறது, கரண்டு கூடினால் அது சூடாகி விரிந்து விட்டுவிடுகிறது, ஆறினால் மறுபடி தொட்டுக்கொள்கிறது. நீங்கள் சிகரெட் பிடிக்கிற நேரம் அது ஆறுகிற நேரம்தான். பாரம் ஏற்றினால் சேஸிஸ் முறுக்கிக்கொள்ளும், வயர் இழுபடும், அதனால் காலி வண்டியில் வருவதில்லை.

மீட்டர் 'பீப்' அடித்தது என்றார்களே, அதை வைத்து ஒரு முடிவும் எடுக்க முடியாது. தடித்த வயரில் எல்லா இழையும் அறுந்து ஒரே ஒரு இழை மிச்சம் இருந்தாலும் மீட்டர் பீப் அடிக்கும். கணக்குப் பாருங்கள்: டெர்மினலில் 0.3 ஓம் மட்டுமே தடை என்று வைத்துக்கொள்வோம், மீட்டரில் அது கிட்டத்தட்ட பூஜ்யம்தான். ஆனால் வைப்பர், புளோவர் என்று 10 ஆம்பியர் இழுத்தால் அந்த இடத்தில் 3 வோல்ட் காணாமல் போகும், 30 வாட் சூடு விரல் நுனி அளவு டெர்மினலில் உட்காரும். கரண்டு ஓடுகிறபோது அளந்தால்தான் உண்மை தெரியும்.

இப்போது பிடிக்கிற வழி. மீட்டரை வைத்துக்கொண்டு ஓட்ட முடியாது, அதனால் பல்பு. 24 வோல்ட் 5 வாட் சின்னப் பல்பு மூன்று வாங்குங்கள், ஹோல்டரோடு. எல்லாவற்றின் ஒரு காலையும் நல்ல எர்த்தில் கட்டுங்கள், கேபின் எர்த்தை நம்பாமல் பேட்டரி நெகட்டிவ் வரைக்கும் தனி வயர் இழுத்தால் நல்லது. முதல் பல்பின் இன்னொரு கால் லிங்கைத் தாண்டி சாவி வயர் தொடங்குகிற இடத்தில். இரண்டாவது, சாவிக்குள் வயர் நுழைகிற காலில். மூன்றாவது, சாவியிலிருந்து வெளியே வருகிற 'ஆன்' காலில். ஒவ்வொன்றுக்கும் முனையில் சின்ன ஃபியூஸ். மூன்றையும் டாஷ்போர்டில் டேப் போட்டு ஒட்டி, 1, 2, 3 என்று எழுதி வழக்கம்போல வேலைக்குப் போங்கள். முடிந்தால் பக்கத்தில் ஒருவரை உட்கார வையுங்கள், பல்பைப் பார்க்க வேண்டியவர் அவர், நீங்கள் ரோட்டைப் பாருங்கள்.

நிற்கும்போது 3 மட்டும் அணைந்தால் சாவி சுவிட்ச், புதுசாக இருந்தாலும் சரி. 2-உம் 3-உம் அணைந்து 1 எரிந்தால் இடையில் இருக்கிற வயர்க் கட்டு, அப்படியென்றால் கேபின் சாய்கிற கீல் ஓரம் முதலில் பாருங்கள், அங்கே வயர் வருஷக் கணக்கில் மடங்கி மடங்கி, மேல்தோல் நன்றாக இருக்க உள்ளே செம்பு அறுந்திருக்கும். மூன்றும் அணைந்தால் லிங்க் அல்லது அதன் டெர்மினல். உரம் ஏற்றுகிற வண்டி என்பதால் எனக்கு இதில்தான் சந்தேகம். மூன்றுமே எரிந்துகொண்டு போர்டு மட்டும் செத்தால் ஃபியூஸ் பெட்டிப் பக்கம் பார்க்க வேண்டும்.

லாபு அண்ணாச்சி:

சாரே, எலியைச் சொல்ல விட்டுவிட்டீர்கள். செம்பனைக்குள் நிறுத்துகிற வண்டிக்கு முதல் எதிரி எலி. தோட்டத்தில் ஆந்தைக்குப் பெட்டி கட்டி வளர்ப்பதே எலியைப் பிடிக்கத்தான், ஆனால் ஆந்தை என் வேனுக்கு அடியில் வராது! கேபினைச் சாய்த்து கியர் பெட்டிக்கு மேல் வயர்க் கட்டைப் பாருங்கள், கடித்த தடம், புழுக்கை இருந்தால் தெரிந்துவிடும்.

இன்னொரு கேள்வி. ரேடியோ 12 வோல்ட்டா? எங்கிருந்து எடுத்திருக்கிறீர்கள்?

பீடோர் லாரிக்காரன்:

ரேடியோவுக்கு ஒரு பேட்டரியிலிருந்து மட்டும் எடுத்திருக்கிறது, வாங்கும்போதே அப்படித்தான் இருந்தது. அதனாலா?

கூலிம் வயர்மேன்:

நிற்பதற்கு அது காரணம் இல்லை, ஆனால் உங்கள் புதுப் பேட்டரியை அது சீக்கிரம் தின்றுவிடும். இரண்டும் வரிசையாக இருப்பதால் டைனமோவிலிருந்து வருகிற கரண்டு இரண்டுக்கும் ஒரே அளவுதான். ரேடியோ, போன் சார்ஜர் எல்லாம் ஒன்றில் மட்டும் உறிஞ்சினால் அது எப்போதும் குறையாகவே இருக்கும். டைனமோவுக்கு மொத்தம் 28 வோல்ட் வந்ததா என்பது மட்டும்தான் தெரியும், அதில் ஒன்று 13.2, மற்றது 14.8 என்று பிரிந்து நிற்பது அதற்குத் தெரியாது. ஒன்று பட்டினி, மற்றது கொதித்துத் தண்ணீர் வற்றும். 24-ஐ 12 ஆக்குகிற கன்வெர்ட்டர் ஒன்று மாட்டிவிடுங்கள். இந்த வேலை முடிந்த பிறகு, இப்போது அல்ல. ஒரே நேரத்தில் நான்கு இடத்தில் கை வைத்தால் எதனால் சரியானது என்று தெரியாமலே போகும்.

பீடோர் லாரிக்காரன்:

பிடித்தாச்சு!

பல்பு மூன்றும் மாட்டிக்கொண்டு மச்சானைப் பக்கத்தில் உட்கார வைத்துப் போனேன். மழை இல்லை, அதனால் வேண்டுமென்றே வைப்பரையும் புளோவரையும் போட்டுவிட்டேன், கண்ணாடி காய்ந்த கண்ணாடி, கீச்கீச்சென்று ஒரே சத்தம், மச்சான் திட்டிக்கொண்டே வந்தான். குழி ஒன்றில் இறங்கி ஏறும்போது 'மூன்றும் போச்சு' என்று கத்தினான். இறங்கிப் போய்ப் பேட்டரிக்குப் பக்கத்தில் இருக்கிற லிங்க் பெட்டியைத் தொட்டால் ஒரு மூலை சுடுகிறது.

திறந்தேன். மூடியின் ஒரு கொக்கி எப்போதோ உடைந்திருக்கிறது, உள்ளே முழுக்கச் சிவப்புத் தூள், எம்.ஓ.பி. உரம்தான், மழைத் தண்ணீரில் கரைந்து உள்ளே இறங்கி இருக்கிறது. சாவிக்குப் போகிற டெர்மினல் பச்சைப் பச்சையாகப் பூத்துக் கிடக்கிறது. வயரைப் பிடித்து லேசாக இழுத்தேன், ரப்பர் மாதிரி நீள்கிறது, உள்ளே ஒன்றுமே இல்லை. மற்ற லிங்க் எல்லாம் ஓரளவு சுத்தம்.

இப்போது எப்படிச் சரி செய்வது? டெர்மினலைச் சுரண்டி மறுபடி மாட்டினால் போதுமா? பட்டறையில் ஈயம் வைத்து ஒட்டித் தருகிறேன் என்கிறார்கள்.

கூலிம் வயர்மேன்:

எம்.ஓ.பி. என்பது பொட்டாசியம் குளோரைடு, அதாவது உப்பு. ஈரத்தோடு சேர்ந்தால் செம்பை விடாது. பச்சை டெர்மினலில் மட்டும் இருக்காது, வயரின் தோலுக்குள் இழை வழியாக மேலே ஏறியிருக்கும், அதனால் சுரண்டி மாட்டினால் மறுபடி வரும். தோலை உரித்துக்கொண்டே போங்கள், செம்பு கருப்பாகவோ பச்சையாகவோ இருக்கிற வரைக்கும் வெட்டி எறியுங்கள், பளபளவென்று சிவந்த செம்பு வருகிற இடத்தில் நிறுத்துங்கள். குறைகிற நீளத்துக்கு அதே தடிப்பில் புது வயர் சேர்க்கலாம்.

லிங்கை மட்டும் அதே மதிப்பில் புதுசு வாங்குங்கள், பொட்டோங் கடையில் (பழைய வண்டி உடைக்கிற கடை) கழற்றியது வேண்டாம். கையில் கிடைத்த வயரை அந்த இடத்தில் போட்டுவிடாதீர்கள், முக்கியமாக வீட்டு வயர். லிங்க் என்பது வேண்டுமென்றே மெல்லியதாகச் செய்தது, அது காக்கிற வயரைவிட நான்கு கேஜ் (வயர் தடிப்பு அளவு) மெல்லிசு, தோலும் எரியாத தோல். அது போய்த் தடித்த வயர் வந்தால் ஷார்ட் ஆகும்போது உருகுவது லிங்காக இருக்காது, வண்டி முழுக்க ஓடுகிற வயர்க் கட்டாக இருக்கும்.

ஈயம் வேண்டாம். கருத்த செம்பில் ஈயம் பிடிக்காது. நல்ல செம்பில் பிடித்தாலும் ஈயம் முடிகிற இடத்தில் வயர் விறைத்துப்போய், குலுக்கலில் சரியாக அந்த இடத்தில் ஒடியும். சரியான அளவு டெர்மினல், டெர்மினலை வயரோடு அழுத்திப் பிடிக்க வைக்கிற சரியான கிரிம்பிங் கருவி, அதற்கு மேலே உட்பக்கம் பசை இருக்கிற, சூடு காட்டினால் சுருங்குகிற குழாய், அவ்வளவுதான். இடுக்கியால் நசுக்குவது கிரிம்பிங் ஆகாது.

சிகாமட் 24வி:

ஈயம் பற்றி நீங்கள் சொல்வதை நான் ஏற்க மாட்டேன். முதலில் கிரிம்ப் செய்து, நுனியில் மட்டும் ஒரு சொட்டு ஈயம் விட்டால் உப்புத் தண்ணீர் உள்ளே ஏறாது. நான் அப்படிச் செய்த எதுவும் ஒடிந்ததில்லை. ஆனால் அந்த மூன்று பல்பு வேலை நன்றாக இருக்கிறது, அதை நான் எடுத்துக்கொள்கிறேன்.

கூலிம் வயர்மேன்:

நுனியில் மட்டும் என்றால் சரி அண்ணே, சண்டை இல்லை. பட்டறையில் நுனியோடு நிறுத்த மாட்டார்கள், அதுதான் என் பயம்.

தம்பி, மாட்டிய பிறகு வைப்பர், புளோவர் எல்லாம் போட்டுவிட்டு, மீட்டரை வோல்ட்டில் வைத்து ஒரு முனை பேட்டரி பாஸிட்டிவிலும் மற்றது சாவிக்குள் நுழைகிற காலிலும் வையுங்கள். அரை வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது, ஒன்றைத் தாண்டினால் இன்னும் எங்கோ கெட்டிருக்கிறது. அதே மாதிரி பேட்டரி நெகட்டிவிலிருந்து இஞ்சின் பிளாக்குக்கும் ஒரு தடவை பாருங்கள், எர்த் பட்டையும் அதே உரத் தண்ணீரில்தான் இத்தனை வருஷம் குளித்திருக்கிறது. லிங்க் பெட்டி மூடி கிடைக்காவிட்டால் பெட்டியையே சேஸிஸின் உள்பக்கம் மாற்றி, வயர் கீழிருந்து நுழைகிற மாதிரி வையுங்கள். உரம் இறக்கிய அன்றே பேட்டரிப் பக்கம் சும்மா தண்ணீர் விட்டுக் கழுவுங்கள், அழுத்தமான ஜெட் வேண்டாம்.

பீடோர் லாரிக்காரன்:

லிங்க், டெர்மினல் எல்லாம் மாற்றியாச்சு அண்ணே. எல்லாம் போட்டுவிட்டு அளந்தால் 0.3. எர்த் பட்டை பாதி அறுந்து தொங்கியது, அதையும் மாற்றினேன். பாரத்தோடு மழையில் ஓடிப் பார்த்தாச்சு, நிற்கவில்லை. பல்பை இன்னும் கழற்றவில்லை, புஸ்பாகோமுக்கு முந்தின நாள் கழற்றிக்கொள்கிறேன்.

சிகாமட் 24வி:

வந்தது வந்தேன், என் வண்டிக்கும் ஒரு கேள்வி. பகலில் ஒன்றும் இல்லை, இரவில் பெரிய லைட் போட்டால் சார்ஜ் லைட் மினுக்கென்று மங்கலாக எரிகிறது. பேட்டரி நன்றாகத்தான் ஏறுகிறது. டைனமோதானே?

கூலிம் வயர்மேன்:

இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். சார்ஜ் லைட்டின் ஒரு கால் சாவி வரிசையில், மற்றது டைனமோவில். இரண்டு பக்கமும் ஒரே வோல்ட் இருந்தால் அது எரியாது. மங்கலாக எரிந்தால் ஒரு பக்கம் குறைகிறது. டைனமோவில் ஒரு டயோடு போயிருந்தால் அந்தப் பக்கம் குறையும், சாவி வரிசையில் டெர்மினல் கெட்டிருந்தால் இந்தப் பக்கம் குறையும். இரவில் இஞ்சின் ஓட, லைட் போட்டுவிட்டு, டைனமோவின் தடித்த பாஸிட்டிவ் போல்ட்டுக்கும் சாவியின் 'ஆன்' காலுக்கும் நடுவில் வோல்ட் அளந்து இங்கே போடுங்கள். ஒரு வோல்ட்டுக்கு மேல் வந்தால் டைனமோவைக் கழற்றாதீர்கள். அப்புறம், அந்த நேர் வயரில் ஃபியூஸ் இருக்கிறதா என்றும் சொல்லுங்கள்.